நாலே காலுக்கு ஹார்ன்

7 ஜனவரி 1996, ஞாயிறு

அசோக் நகர் போய் வந்தேன். இன்று மூன்று பஸ்ஸை விட்டோம். முதல் பஸ் வந்தபோது அனன்யா அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது வந்தபோது பாதியில் இருந்தாள். மூன்றாவதில் கூட்டம் என்று நானே சாக்குச் சொன்னேன்.

கல்யாணமாகி ஒன்பது மாதம். அந்த வீட்டில் என் பெண்ணுக்கு வாயைத் திறக்க ஒரு மூலை கிடையாது. ஹாலில் சம்பந்தி மாமி, உள்ளே சம்பந்தி மாமா, டெலிபோன் மாமியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே. "அம்மாவை பஸ் ஏத்திட்டு வரேன்" என்று சொன்னால்தான் வெளியே வர முடிகிறது. அசோக் பில்லர் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம். வாரத்துக்கு அவ்வளவுதான் அவள் எனக்கு.

வேலையை விடச் சொல்கிறார்களாம். மாப்பிள்ளை அச்யுத் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவர் நல்லவர்தாம்மா. அவா அம்மா பக்கத்துல இருந்தா மட்டும் வாயே திறக்க மாட்டார்" என்றாள். அதை எப்படித் திட்டுவது?

மயிலாப்பூர் வந்து சேர ஏழரை. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு கார் இருந்தால் இருபது நிமிஷம். நினைத்தபோது ஓடிப் போய்ப் பார்க்கலாம். இவரிடம் மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

14 ஜனவரி, போகி

இவர் சரி என்று சொல்லிவிட்டார்!

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் ஸ்கூட்டரில் போய் வந்த மனுஷன். ரிட்டயர் ஆன பிறகு இப்போது மந்தைவெளியில் டிரைவிங் கிளாஸில் சேர்ந்திருக்கிறார். எனக்கு டெலிபோன்ஸில் இன்னும் சர்வீஸ் பாக்கி இருப்பதால் லோன் சுலபமாம். அதனால் கார் என் பேரில். "ஓனர் நீ, டிரைவர் நான்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

28 பிப்ரவரி, புதன்

வண்டி வந்துவிட்டது. வெள்ளை. நேரே லஸ் ஆஞ்சநேயர் கோயில். "வண்டி யார் பேர்ல?" என்று பட்டர் கேட்டார். இவர் என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். இவர் நசுக்கிக்கொண்டு கிளப்பியபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை இவரும் பார்த்தார்.

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதி வைக்கிறேன்.

3 மார்ச், ஞாயிறு

காரில் முதல் தடவை அசோக் நகர். சம்பந்தி மாமா கீழே இறங்கி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாமி கேசரி பண்ணியிருந்தாள். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து காரைப் பற்றியே பேசினோம். அனன்யா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு இவர் எழுந்துவிட்டார். "நாலரைக்கு ராகு காலம். புது வண்டி, அதுக்குள்ள கிளப்பிடணும்." கீழே போய்க் கண்ணாடியைத் துடைத்தார். நாலே காலுக்கு இரண்டு ஹார்ன், செல்லமாக.

அனன்யா பழக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு படியிறங்கினாள். வாசலில் கார். அதற்கு மேல் அவள் எங்கே வருவது? ஏறி உட்கார்ந்தேன். கதவை அவள்தான் சாத்தினாள். மாமி பால்கனியிலிருந்து கை ஆட்டினாள்.

பனகல் பார்க் வந்த பிறகுதான் உறைத்தது. இன்று என் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

10 மார்ச், ஞாயிறு

அதே கேசரி. நாலே கால். ஹார்ன்.

31 மார்ச், ஞாயிறு

காலையில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், இந்த வாரம் மட்டும் நான் பஸ்ஸில் போய் வரட்டுமா என்று. இவர் முகம் விழுந்துவிட்டது.

"ஆத்து வாசல்ல வண்டி நிக்கறது. நீ பஸ்ல போய் இறங்கினா சம்பந்தி ஆத்துல என்ன நினைப்பா? ஓட்டத் தெரியாதவன், வாங்கி அலங்காரத்துக்கு நிறுத்தியிருக்கான்னு நினைக்க மாட்டாளா?"

"அப்போ நான் ஓட்டக் கத்துக்கட்டுமா?"

"முதல்ல என்னை நன்னா ஓட்ட விடு" என்று சிரித்தார்.

அனன்யா தனியாகப் பேசத் தவிக்கிறாள் என்று இவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே போய், எல்லோர் எதிரிலும், "என்னம்மா, ஏதோ பேசணும்னியாமே" என்று கேட்டுவிடுவார். இவருக்குச் சூது தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன்.

20 ஏப்ரல், சனி

கார் வாங்கினவர்களுக்கென்று ஒரு படிவம் தபாலில் வந்திருக்கிறது. திருமதி ஜலஜா ஸ்ரீனிவாசராகவன் என்று அச்சடித்து. வண்டி வாங்கியதில் உங்களுக்கு முழுத் திருப்தியா, திருப்தியா, சுமாரா, வருத்தமா? நாலு கட்டம். இவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்கேல் வைத்து, எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில் டிக் போட்டார். கையெழுத்து மட்டும் ஓனருடையது.

போட்டேன்.

26 மே, ஞாயிறு

அனன்யா வேலையை விட்டு ஒரு மாதம் ஆகிறதாம். மாமி காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னாள். "ஆத்துல இருந்தா உடம்பும் நன்னா இருக்கும்." பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு மாதமாக எனக்குத் தெரியாது. நான்கு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறேன்.

கேட்க வாயெடுத்தேன். ஹார்ன்.

இன்று அந்த ஹார்னைப் பிடுங்கி எறியணும் போல இருந்தது.

16 ஜூன், ஞாயிறு

மூன்று நாளாகக் கொட்டித் தீர்த்த மழை. ஜூனில் இப்படிப் பெய்து நான் பார்த்ததில்லை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர்.

காலை பத்து மணிக்கு அனன்யா போன் பண்ணினாள். அவளாகப் பண்ணுவதே இல்லை. "இன்னிக்கு வரியாம்மா?" என்றாள். என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை. சும்மாதான்." இருபத்தாறு வருஷமாகக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன். பக்கத்தில் ஆள் நிற்கிறபோது ஒரு குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? "வரேண்டி" என்றேன்.

இவர் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இஞ்சின்ல தண்ணி போனா புது வண்டி அவ்வளவுதான். அடுத்த வாரம் பாத்துக்கலாம். அவதான் ஒண்ணும் இல்லேங்கறாளே."

நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். "இந்த மழையில பஸ் ஓடறதோ என்னமோ, நீ எங்கயாவது மாட்டிண்டு நிக்கப் போறே" என்றார். அவர் சொன்னதும் எனக்குள்ளே ஏதோ ஒன்று, அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டது. முழங்காலைச் சொல்லிக்கொண்டேன். மழையைச் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் காரில் போய் வந்த உடம்பு.

திரும்பப் போன் பண்ணினேன். மாமி எடுத்தாள். "படுத்துண்டிருக்கா. சொல்லிடறேன்" என்றாள்.

18 ஜூன், செவ்வாய்

பக்கத்துப் போர்ஷன் ஜானு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தி.நகர் போய்த் திரைச்சீலை வாங்கி வந்தாளாம். பஸ்ஸில்தான். "கொஞ்சம் லேட்டா வந்தது மாமி, மத்தபடி ஓடிண்டுதான் இருந்தது."

பஸ் ஓடியிருக்கிறது.

23 ஜூன், ஞாயிறு

போனோம். அனன்யாவுக்கு ஜுரம் என்றார்கள். உள்ளறையில் படுத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மாமி கஞ்சியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஹார்ன் அடித்தது. அவளே என் கையை விட்டுவிட்டாள்.

ஜூலை

எழுத ஒன்றும் இல்லை. போகிறோம், வருகிறோம்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மாமிதான் சொன்னாள், காப்பியை ஆற்றிக்கொண்டே. "அந்த மழை வாரத்துலேர்ந்து இவளுக்கு உடம்பு தேறவே இல்லை. அம்பது நாள் தள்ளிப் போயிருந்தது. தங்கலை, கலைஞ்சுடுத்து. டாக்டர் இனிமே பயம் இல்லேங்கறா."

எங்களுக்குச் சொல்லவில்லையே என்றேன். "மூணு மாசம் ஆகாம யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். நம்மாத்து வழக்கம் அது. ஆனப்பறம் முறையா உங்களாத்துக்கு வந்து சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள இப்படி ஆயிடுத்து. அப்பறம் எதுக்குச் சொல்லிண்டு?" மாமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அதனால் கோபம்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

எந்த நாள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பதினாறாம் தேதி. காலையிலிருந்தே லேசாக வலி இருந்ததாம்.

அனன்யா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலே கால் ஆயிற்று. இவர் எழுந்திருக்கவில்லை. நாலரை ஆயிற்று. சம்பந்தி மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார். ஐந்து மணிக்கு, நல்ல ராகு காலத்தில், இவர் எழுந்து கீழே போய்க் காரைக் கிளப்பினார். ஹார்ன் அடிக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். "அன்னிக்குக் கூப்பிட்டாளே" என்றார். ஆமாம் என்றேன்.

இந்தக் காரை நான்தான் கேட்டேன். இவர் கேட்கவில்லை. என் பெண்ணை நினைத்தபோது ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்று நான்தான் கேட்டேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பஸ்ஸில் போனேன். இவரே பஸ் ஸ்டாப் வரை வந்தார். "சில்லறை வெச்சிருக்கியா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

பில்லர் ஸ்டாப்பில் இறங்கியதும் பூக்கார முத்தம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, ஆறு மாசமா ஆளையே காணோம். காரு வாங்கிக்கினீங்களாமே?"

ஆமாம் என்றேன்.

"உன் பொண்ணு வரும். நாயித்துக்கெயமைன்னா சாயங்காலம் பூ வாங்கன்னு வந்து அந்தக் கல்லு மேல தனியா குந்திக்கினு இருக்கும். பஸ்ஸும் ஏறாது, ஒண்ணுஞ் சொல்லாது. ஏம்மா சும்மா குந்திக்கினு கீறன்னு கேட்டா, அம்மாவை ஏத்தி உட வந்தேன்னும். அம்மா எங்கன்னு கேட்டா சிரிக்கும். அப்புறம் அந்த மய வந்துச்சே, அத்தோட அதுவும் வர்றதில்ல."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கல்லில்தான். நான் காரில் பனகல் பார்க்கைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் குழந்தை இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை ஞாயிறு? கணக்குப் பார்க்க முடியவில்லை. பார்க்க மாட்டேன்.

சாயங்காலம் அவளோடு ஸ்டாப்பில் நின்றேன். நாலு பஸ்ஸை விட்டேன். "சொல்லுடி, என்னை நாலு வார்த்தை திட்டவாவது செய்" என்றேன். "அன்னிக்கு மழைம்மா. நீ என்ன பண்ணுவே?" என்றாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

10 நவம்பர், தீபாவளி

அனன்யாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். இவர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். "வேண்டாம்ப்பா, ஆட்டோல போறோம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

23 பிப்ரவரி 1997, ஞாயிறு

வருஷம் ஆகிவிட்டதாம், மறுபடி படிவம் வந்திருக்கிறது. அதே நாலு கட்டம். இவர் அதை என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்துவிட்டு, "நீயே எழுது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. மைலேஜ், பிரேக், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் நியாயமாக முதல் கட்டத்தில் டிக் போட்டேன். கடைசிக் கேள்வி, இன்னொரு முறை வாங்குவதானால் வாங்குவீர்களா. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இவரும் பார்த்தார். அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

மத்தியானம் பஸ்ஸில் அசோக் நகர். இப்போதெல்லாம் எல்லா வாரமும் பஸ்தான். மாமி எதுவும் சொல்வதில்லை. அனன்யா நன்றாக இருக்கிறாள். கேட்டால் "நன்னா இருக்கேம்மா" என்கிறாள், ஸ்டாப்பிலும் அதையேதான் சொல்கிறாள். டெலிபோன் என்கொயரியில் நாங்கள் நம்பர் சொல்கிற குரல் அது.

ஸ்டாப்பில் நின்றோம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மயிலாப்பூர் பஸ் வந்தது. காலியாக இருந்தது. அடுத்ததில் போகிறேனே என்றேன்.

"எதுக்கும்மா, இடம் இருக்கே. ஏறிக்கோ" என்றாள்.

ஏறிக்கொண்டேன்.