உன் திதிக்கு நான் விட்ட மீன்

என் ஆசை மாப்பிள்ளை செல்வராசுக்கு,

நீ போன இடத்தில் தண்ணீர் இருந்தால் இந்நேரம் தூண்டில் போட்டிருப்பாய். இருக்கட்டும். உன்னைப் புகழ்ந்து சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் திட்டத்தான் வந்திருக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, உனக்கே தெரியும்; போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தமிழ்ச் சங்கத்து மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். நம்மோடு மீன் பிடிக்க வருகிற பாஸ்கரும் படிக்கட்டும்.

இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்தும், பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகும்போதுகூட டிக்கியில் தூண்டிலோடு போன ஆள் நீ. அர்ச்சனைத் தட்டும் புழு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில். ஒருநாள் சரசு கற்பூரம் என்று நினைத்து அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். என் தங்கச்சிக்குத் தொண்டை பெரிது. பார்க்கிங்கில் அவள் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த அர்ச்சகரே வெளியே வந்துவிட்டார். சரி, சொல்ல வந்தது அதில்லை.

ஐசலினில் உன் கடையைச் சாத்திவிட்டு, ராரிட்டன் ஆறு கடலில் சேருகிற கரைக்கு நாம் போவோமே, அந்தக் கரையைப் பற்றித்தான். சித்திரை வைகாசியில் அங்கே ஸ்ட்ரைப்பர் மீன் வரும். உடம்பெல்லாம் கறுப்பு வரி, வயிறு நிறையச் சினை. முட்டை விடுவதற்காக ஆறு தேடி வருகிற மீன். அதில் எந்த அளவு மீனை எடுக்கலாம், எதைத் திரும்ப விட வேண்டும் என்று கரையிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். பெரியது நிறைய முட்டை போடும், ஆகவே பெரியதை விட்டுவிட வேண்டும். உனக்கோ மீனே வேண்டாம், சினைதான் வேண்டும். மிளகு போட்டுக் கறுக வறுத்த சினை.

போர்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொல்வாய்: "கடல் என்ன இவங்கப்பன் ஊட்டுச் சொத்தா மச்சான்?"

"உங்கப்பன் ஊட்டுச் சொத்தும் இல்லியே மாப்ளே," என்றால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏரியில் மீன் பிடிக்க லைசென்ஸ் எடு என்றாலும் அதே சிரிப்புதான். அந்தக் காசில்தான் மீன்குஞ்சு வளர்த்து ஏரியில் விடுகிறார்கள் என்று சொன்னேன். "வளர்த்து உடட்டும், நான் புடிச்சுக்கறேன்" என்றாய். வெட்கமே இல்லையா உனக்கு?

இப்போது நடந்ததைக் கேள். உன் முதல் வருசத் திதி வந்தது. சரசு என்னையும் பாஸ்கரையும் கூப்பிட்டாள். பாஸ்கர்தான், நீ தூண்டில் பிடிக்கப் பழக்கிவிட்ட மெட்ராஸ்காரன், சாஃப்ட்வேர் கம்பெனி.

"அண்ணா, அவருக்கு எலையில சினை வறுவல் வெக்கோணும். கடையில வாங்குனது வேண்டாம். அவரு நின்ன எடத்துல போய்ப் புடிச்சுட்டு வாங்க," என்றாள்.

போனோம். விடிந்ததிலிருந்து ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் பாஸ்கர் தூண்டில் வளைந்தது பார், நீ இருந்திருந்தால் ஆடியிருப்பாய். கரையில் இழுத்துப் போட்டான். வயிறு உப்பிக் கிடந்தது. நான் டேப்பை வைத்தேன். வால் அளவைத் தாண்டி எங்கோ நின்றது.

"உட்ரு தம்பி," என்றேன்.

"அங்கிள், ஜோக் பண்ணாதீங்க. செல்வா அங்கிளே அனுப்பின மாதிரி வந்து மாட்டியிருக்கு."

"அனுப்புனவன் அளந்து அனுப்பியிருக்கோணும்."

"யாரு பாக்கப் போறா? டிக்கில போட்டு டிரைவ் பண்ணா மேட்டர் ஓவர். செத்தவருக்குப் படைக்கறதுல போய் ரூல்ஸ் பேசறீங்களே."

"செத்தவனுக்கு ஒரு வாய் வெக்கறதுக்கு, பொறக்கப்போறத அத்தனையும் அறுத்து எடுக்கறதா? அது படையலாடா?"

நான் கொக்கியைக் கழற்றிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மீன் தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. அப்புறம் வாலால் என் வயிற்றில் ஒரு அடி கொடுத்துவிட்டுப் போயிற்று.

பாஸ்கர்தான் காரை ஓட்டினான். வீட்டுக்கு முன்னால் நிறுத்தியதும் சொன்னான்: "நீங்க இனிமே மீன் புடிக்க வராதீங்க அங்கிள். கோயில்ல போய் உக்காந்துக்கங்க."

அவனுக்குப் பதிலை இங்கே சொல்கிறேன். கோயிலில் உட்கார்ந்திருக்கிற, மீனே தின்னாதவருக்கு இந்தக் கடலில் மீன் இருந்தால் என்ன, தீர்ந்தால் என்ன? தீர்ந்தால் தின்கிறவனுக்குத்தானடா தீருகிறது. முதலில் காவலுக்கு நிற்க வேண்டியவன் தூண்டில் பிடிக்கிறவன். துப்பாக்கி பிடிக்கிறவனும் அப்படித்தான். மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மைக், மான் சுடுகிறவர்; உனக்கே கறி கொடுத்திருக்கிறார். சீசன் முடிந்தால் அவர்தான் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கிப் பிளாஸ்டிக் பொறுக்குகிறார். நாம் பொறுக்கினோமா? நாம் பிடித்த இடத்தில் நாம் அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு காலில் சிக்கி ஒரு நாரை நொண்டியதே, அதையாவது நின்று பார்த்தாயா நீ?

வீட்டுக்குள் போனால் இலை போட்டாகிவிட்டது. "மீன் எங்கண்ணா?" என்றாள் சரசு.

"அங்கிள் தண்ணிலயே விட்டுட்டாரு ஆன்ட்டி," என்று பாஸ்கர் முந்திக்கொண்டான்.

அவள் என் ஈர வேட்டியைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கோழிமுட்டையை அவித்து, இரண்டாக அறுத்து, இலையின் ஓரத்தில் வைத்தாள். கும்பிட்டு முடித்தாள். அப்புறம் கேட்டாள்:

"அவரு இருந்திருந்தா உட்டிருப்பாராண்ணா?"

"உட்டிருக்க மாட்டான். அதுக்குத்தான் நான் உட்டேன்."

அன்றோடு என் தங்கச்சி என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். உன் மகள் திவ்யா டம்ளரைக் கொண்டுவந்து, "மாமா, மாம் செட் திஸ் இஸ் யுவர் காபி" என்று வைத்துவிட்டுப் போகிறாள். நீ செத்தும் இந்த வீட்டில் உன் பேச்சுதான் எடுபடுகிறது. உன் பேராசைக்கு இத்தனை அன்பு காவல் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனாலும் கேட்டுக்கொள் மாப்பிள்ளை. அடுத்த வருசமும் நான்தான் போவேன், பாஸ்கர் வந்தாலும் வராவிட்டாலும். அளவுக்குள் ஒன்று சிக்கினால் உனக்குக் குழம்பு. சிக்காவிட்டால் சோறும் ரசமும். பெரிய மீனின் சினை எந்த வருசமும் கிடையாது. சரசு கடைசிவரை பேசாவிட்டாலும் கிடையாது. கோபம் வந்தால் நேரே என்னிடம் வா. அவள் கனவில் போய்ப் பசிக்கிறது என்று சொல்லித் தொலைக்காதே.

உன்னை விட்டுக்கொடுக்காத, உனக்கு விட்டும் கொடுக்காத,
சரசுவின் அண்ணன், உன் மச்சான்
கருப்புசாமி