இடப்பக்கத்துக் காடு

மார்ச் 2, ஞாயிறு

யாச்சிமாட்டா காடு. குளிர் இன்னும் விடவில்லை. நிலக்கடலை வயல்களிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு காற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை பொம்மைத் துப்பாக்கிச் சண்டை ஆடினோம். முழங்கால் இரண்டும் நீலம் பாரித்துவிட்டன. நல்ல நாள்.

மூன்றாவது ஆட்டத்தில் மூங்கில் சரிவின் மேல் நானும் ரிட்சுகோவும் குப்புறப் படுத்துக் கிடந்தோம். அவள் இடக்கைக்காரி. அதனால் எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் அணித்தலைவர் ஒனோதெரா இதைப் பார்த்தால் கத்துவார். "காட்டுக்கு வந்து தூங்கறியா? லாரி ஓட்டற நானே தூங்கறதில்லை!" தூங்கவில்லை. கண்ணை மூடினால்தான் காடு முழுவதும் கேட்கும். இடப்பக்கம், சரிவுக்குக் கீழே, காய்ந்த மூங்கில் தோலை யாரோ மிதித்தார்கள். ரிட்சுகோ நாக்கை இரண்டு முறை தட்டினாள். கேட்டாயா என்று அர்த்தம். நான் விரலை நீட்டினேன். காத்திருந்தோம். பழுப்பு உடை ஒன்று அசைந்தது. ஒரே ஒரு பிளாஸ்டிக் குண்டு.

"ஹிட்!" அந்த மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "எங்கேருந்துய்யா சுட்டீங்க?"

ரிட்சுகோ சிரிப்பை அடக்க முடியாமல் மண்ணைக் கடித்தாள்.

மார்ச் 12, புதன்

காலையில் எழுந்தபோது இடது காது இல்லை.

தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே பழைய குளிர்பதனப் பெட்டி ஓடுவது போல ஓர் இரைச்சல் மட்டும். நாளை என் ஓட்டுநர் பள்ளி மாணவர்கள் இரண்டு பேருக்குச் சாலைத் தேர்வு. அது முடியட்டும், போகலாம்.

மார்ச் 14, வெள்ளி

போனேன். "ஏன் அன்னிக்கே வரலை?" என்றார் மருத்துவர். தேர்வு இருந்தது என்றேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு, "சில பேருக்கு முழுசாத் திரும்பும். சில பேருக்குப் பாதி. சில பேருக்கு..." என்று நிறுத்திவிட்டு மாத்திரையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் உலகம் அணைந்துவிடுகிறது.

மார்ச் 28, வெள்ளி

மாத்திரை தீர்ந்தது. காது வரவில்லை.

பள்ளியில் மேலாளரிடம் சொன்னேன். நான் ஓட்டுநர் பள்ளிப் பயிற்சியாளர், காது முக்கியம், வேலை போய்விடுமோ என்று பயந்துதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "இடதா? நல்லவேளை, மினெகிஷி சான்! மாணவர் உக்கார்றது உங்க வலப்பக்கம்தானே. ஒரு குறையும் இல்லை!" உண்மைதான். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். நல்லவேளை, நல்லவேளை.

செண்டாயிலிருந்து அக்கா பேசினாள். "வேலை போயிருந்தா அழலாம். பொம்மைத் துப்பாக்கிக்காகவா அழறே?"

அழுகிறேன் என்று நான் சொல்லவே இல்லையே.

ஏப்ரல் 13, ஞாயிறு

போயிருக்கக் கூடாது.

எழுதிவிடுகிறேன், எழுதினால் தூக்கம் வரும். முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஒற்றைக் காதுக்கு ஒலி வருகிறது. எங்கிருந்து வருகிறது என்பது வருவதில்லை. காலடி, சுடும் சத்தம், பறவை எல்லாமே வலப்பக்கம்தான். காடு மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு என் வலப்பக்கம் குடிவந்துவிட்டது. இடப்பக்கம் மரங்கள் நிற்கின்றன, படம் மாதிரி. ரிட்சுகோ நாக்கைத் தட்டியிருக்கிறாள். நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேனாம். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. நான்காவது ஆட்டத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எதிரணியின் மஞ்சள் கைப்பட்டை கட்டிய ஒருவர் எழுந்து நின்று கத்தினார்.

"நடுவரே! எத்தனை தடவை சுடறது? படுது, எந்திரிக்க மாட்டேங்கறாங்க! ஜாம்பி!"

ஜாம்பி. பட்டும் வெளியே போகாமல் ஏமாற்றுகிறவள் என்று. என்னை.

முதுகுப் பையின் இடது ஓரத்தில் பட்டிருக்கிறது. தடித்த துணியில் பட்டால் உடம்புக்குத் தெரியாது, டப்பென்ற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். இந்த ஆட்டத்தில் சாயம் கிடையாது, அடையாளம் கிடையாது. பட்டவர் வாயால் பட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பத்து வருஷமாக, சந்தேகம் வந்தால்கூட நானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறேன்.

ஒனோதெரா புதரிலிருந்து பாய்ந்து வந்தார். "யாரைப் பார்த்து ஜாம்பிங்கறே? அவங்களுக்குக் காது கேக்காதுய்யா!"

காடு முழுவதும் கேட்டது. எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதர் இடுப்பு வரை குனிந்து, மன்னிச்சுக்குங்க, தெரியாமப் பேசிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் திட்டியதே தேவலை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

குளிக்கும்போது "ஹிட்" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரலே வலப்பக்கத்திலிருந்து வருகிறது.

மே 3, சனி

ரிட்சுகோ வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், சூப்பர் மார்க்கெட் மீன் பிரிவின் வாசனையோடு. கையில் சுடச்சுடக் கொழுக்கட்டை, பன்றிக்கறி வைத்தது. வந்ததும் வராததுமாக, "பதினெட்டாந்தேதி ஆட்டத்துக்கு உன் பேரைக் கொடுத்துட்டேன்" என்றாள்.

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"உன்னைக் கேட்டா வேண்டாம்பே. அதான் கேக்கலை." ஒரு கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "காதுதானேடி போச்சு. கண்ணு இருக்கு, கால் இருக்கு, திட்டறதுக்கு வாயும் இருக்கு."

காதுதானே! வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மேலாளர் சொல்லட்டும், அக்கா சொல்லட்டும். மூங்கில் சரிவில் என் பக்கத்தில் படுத்திருந்தவள் சொல்லலாமா? எதை இழந்தேன் என்று அவளுக்குமா தெரியாது? என்னென்னவோ சொன்னேன். வெளியே போ என்றும் சொன்னேன்.

போய்விட்டாள். கொழுக்கட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பிடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

மே 10, சனி

விற்றுவிட்டேன்.

சிபா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் கடை. இந்த வகைத் துப்பாக்கிகளுக்கென்றே மாடியில் ஒரு தளம். அங்கிருந்த பையன் கையுறை போட்டுக்கொண்டு, என் துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்கினான். குறை சொல்ல முடியாது.

"பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"உள்ள ஏதாவது மாத்தியிருக்கீங்களா?"

பெருமையோடு சொன்னேன். உள்குழாய் மாற்றியது, விசையை என் விரலுக்கு ஏற்ப இளக்கியது, சத்தம் வராமல் இருக்க உள்ளே பஞ்சுத் துணி ஒட்டியது, தோளில் வைக்கும் கட்டையை என் கன்னத்துக்கு ஏற்றாற்போல் இழைத்தது.

அவன் வருத்தத்தோடு தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் விலையைக் குறைக்குங்க. கடையிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்தாத்தான் நல்ல விலை. இது... உங்களுக்கு மட்டும்தானே பொருந்தும்?"

ஆமாம், எனக்கு மட்டும்தான். பத்தொன்பதாயிரம் யென் கொடுத்தான். வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது தோள்பட்டை லேசாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மே 17, சனி

அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். கண்ணாடி அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறார்கள். "தனிப்பட்ட மாற்றங்கள் உள்ளன, கவனிக்கவும்" என்று அட்டை. பக்கத்தில் நின்ற ஒருவர் விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவரை அறையலாம் போல இருந்தது, வாங்காமல் போனதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம் போலவும் இருந்தது.

மே 25, ஞாயிறு

அலமாரியில் இல்லை. யார் வாங்கினார்கள் என்று அந்தப் பையனிடம் கேட்க வாயெடுத்தேன். தெரிந்து என்ன செய்ய?

அணிப் புகைப்படம் ஒன்றை ஒனோதெரா அனுப்பியிருந்தார். ரிட்சுகோவுக்கு இடப்பக்கமும் ஆள் இல்லை, வலப்பக்கமும் ஆள் இல்லை, ஓரத்தில் தனியாக நிற்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

விடிவதற்குள் ஒனோதெராவின் அழைப்பு. வெளியே கொட்டுகிறது.

"மினெகிஷி, ஒரு உதவி. மழைக்குப் பயந்து எல்லாப் பயலும் கழண்டுகிட்டான். பத்துத் தலை இல்லைன்னா அகுட்சு சான் காட்டை இன்னிக்குத் திறக்க மாட்டேங்கறார். ஒன்பது இருக்கு."

"எங்கிட்ட துப்பாக்கியே இல்லையே."

"துப்பாக்கி யாரு கேட்டா? தலை வேணும். தலை இருக்கில்ல?"

போனேன். ஏன் போனேன்? அவர் ரிட்சுகோவின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் ஒன்பது பேரில் அவள் இருப்பாள் என்று தெரியும். இருந்தாள். மழைக்கோட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

அகுட்சு சான், காட்டின் சொந்தக்காரர், கையால் இழுத்துச் சுடும் ஒரு பழைய துப்பாக்கியை வாடகை வாங்காமல் கொடுத்தார். "இது நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. ஏற்கெனவே ஆகவேண்டியதெல்லாம் ஆயிடுச்சு."

ஆட்டம் தொடங்கியது. மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். இலைகளில் மழை, தலைக்கவசத்தில் மழை, சேற்றில் மழை. பெரிய அருவிக்குள் நிற்பது போல. எதுவுமே கேட்கவில்லை. பயந்தேன். பிறகு முன்னால் போன ஒனோதெராவைப் பார்த்தேன். மனிதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்காட்சியில் அம்மாவைத் தொலைத்த குழந்தை மாதிரி.

அவருக்கும் கேட்கவில்லை! யாருக்கும் கேட்கவில்லை!

எனக்கு மூன்று மாதப் பழக்கம். அவர்களுக்கு இன்றுதான் முதல் நாள்.

மரத்தை விட்டு வெளியே வந்தேன். நடந்தேன். மூங்கில் சரிவில், மிதிக்கக் கூடாத தோல்களையெல்லாம் மிதித்துக்கொண்டு, நேராக நடந்தேன். எதிரணிக் கொடிக்குப் பக்கத்தில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மழை நீரை உதறிக்கொண்டிருந்தார், பாவம். சுடக்கூட வேண்டாம், தொட்டாலே பட்ட கணக்குத்தான். முதுகில் விரலால் தொட்டேன். அவர் துள்ளி எழுந்த வேகத்தில் கண்ணாடியே கழன்றுவிடும் போல இருந்தது. "ஹிட்! ஹிட்! அட, பேய் மாதிரி வர்றீங்களே!"

பேய். ஜாம்பிக்கு இது எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு வந்து சேறு கழுவ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பாடிக்கொண்டே கழுவினேன்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. போனேன். ரிட்சுகோவும் வந்தாள். என் இடப்பக்கம் வந்து நின்றாள். முன்பதிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே "மழை என்றால் மட்டும்" என்று அகுட்சு சான் எழுதி வைத்திருக்கிறார்.

ஜூலை 19, சனி

மழைக்காலம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். அறிவித்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். வெயில். வெயில். புயல் ஏதாவது கடலில் கிளம்பியிருக்கிறதா என்று பார்க்கிறேன். யாச்சிமாட்டா கடலைக்காரர்களுக்குத் தெரிந்தால் அடிக்க வருவார்கள்.

காலையில் மாணவி ஒருத்தி வண்டியை ஒரு கோவில் தோப்பு ஓரமாக நிறுத்தினாள். ஜன்னல் திறந்திருந்தது. சில்வண்டுகள். தோப்பு என் இடப்பக்கம் இருந்தது, சத்தம் அவள் பக்கத்திலிருந்து வந்தது. "ஏன் டீச்சர், ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். என் முகம் எப்படி இருந்ததோ.

செப்டம்பர் 12, வெள்ளி

கடைசிச் சோதனை. இனி வர வேண்டாம் என்றார் மருத்துவர். இனி மாறாது என்பதை அப்படிச் சொல்கிறார்.

சோதனை அறைக்குள் இருந்தபோது, இடது காதில் ஏதோ கேட்டது போலப் பொத்தானை அழுத்தினேன். ஒலியே போடவில்லையாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல மழை, ஆனால் கூடவே இடி. ஆட முடியாது என்று அகுட்சு சான் சொல்லிவிட்டார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் ரிட்சுகோவும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பார்லி டீ குடித்தோம். அவள் கையுறையைக் கழற்றிப் பிழிந்தாள், தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. விரல்கள் வெளுத்துச் சுருங்கி இருந்தன. கண்ணாடியின் ஆவியைத் துடைத்தாள், மறுபடி ஆவி படிந்தது.

"எனக்கு மழைன்னாலே ஆகாது. தெரியுமா உனக்கு?" என்றாள்.

தெரியாது.

"வாரம் பூரா ஐஸ்லயும் மீன் தண்ணியிலயும்தானே கை வைக்கிறேன். ஞாயித்துக்கிழமையாவது காஞ்சு கிடக்கலாம்னுதான் காட்டுக்கு வர்றதே."

"அப்புறம் எதுக்கு வந்தே? ஒவ்வொரு மழைக்கும் வந்தியே."

அவள் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உனக்குக் காது போச்சு. எனக்கு வலப்பக்கம் போச்சுடி. நாக்கைத் தட்டினா திரும்பறதுக்கு ஆள் இல்லை. ஒனோதெராகிட்ட தட்டினேன் ஒரு தடவை. பல்லுல ஏதாவது சிக்கிக்கிச்சாங்கறார்."

சிரித்தோம். நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தபோது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மே மாதம் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஏழு மாதமாக, இடப்பக்கத்துக் காடு என்னிடமிருந்து மட்டும்தான் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

அகுட்சு சானுக்குப் பேசினேன், ஞாயிறு இடம் இருக்கிறதா என்று.

"இடம் இருக்கு. ஆனா வாரம் பூரா வெயில்னு போட்டிருக்கான், மினெகிஷி சான். உங்க நாள் இல்லையே."

"தெரியும். பேரை எழுதிக்கோங்க."

பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்த மழைன்னா மட்டும்ங்கறதை அடிச்சிடவா?"

"அடிச்சிடுங்க."

நவம்பர் 16, ஞாயிறு

ஒரு மேகம் இல்லை. காய்ந்த சருகு முழங்கால் வரை கிடந்தது. எறும்பு நடந்தால்கூடக் கேட்கும் என்றார்கள்.

வாடகைத் துப்பாக்கி, கன்னத்துக்குப் பொருந்தவில்லை. என் பழையது இப்போது யாருடைய தோளில் இருக்கிறதோ. ரிட்சுகோ இடப்பக்கம். நாக்கைத் தட்டாமல் முழங்கையால் விலாவில் இடித்தாள். பலமாகவே இடித்தாள், இப்போதும் வலிக்கிறது. அவள் இடித்த பக்கம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடவில்லை.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தோளில் சுருக்கென்றது. இடது தோள்.

"ஹிட்!" என்று கத்திக் கையைத் தூக்கினேன். சருகில் அவ்வளவு சத்தமாக வந்திருக்கிறார் என்னைச் சுட்டவர், ரிட்சுகோவே தலையில் அடித்துக்கொண்டாள். நான் வெளியே நடந்தேன். கால் வைக்கும் இடமெல்லாம் சருகு நொறுங்கியது. எல்லாம் வலப்பக்கம்தான் கேட்டது.

ஓய்விடத்தில் அப்போது என்னைத் தவிர யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒனோதெராவும் கையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"முதல் ஆளாச் செத்தது நீதானா?"

"ஆமா. நீங்க?"

"உன் பின்னாலயே."

மதியத்துக்கு மேலும் ஆட்டங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஆடினேன்.