தம்புளானுக்கு ரோமம் முளைத்துவிட்டது

என் உயிருக்கு இணையான அக்காவுக்கு,

உன் நாய் தம்புளான் பிழைத்துக்கொண்டான். இதை முதலில் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். நேற்று கோப்பிக் கொட்டை காயப்போடும் களத்தின் ஓரத்தில், வெயிலில் மல்லாந்து கிடந்தான். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். புண் இருந்த இடமெல்லாம் செம்பட்டையாகக் குட்டி ரோமம், மெத்தென்று. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

போன மழையில் வயிற்றோட்டம் உன்னைக் கொண்டுபோன பிறகு, அவன் பத்து நாள் லயத்து வரிசையில் உன் காம்பிரா அறையின் வாசலைவிட்டு நகரவில்லை. மழையில் நனைந்தபடியே கிடந்தான். வைத்த கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அதற்குப் பிறகுதான் சொறி தொடங்கியது. முதலில் காது நுனி, பிறகு கண்ணைச் சுற்றி, முழங்கால், வயிறு. ரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, சொறிந்த இடமெல்லாம் இரத்தம். ஹந்தானை மலைக் குளிரில் அவன் நடுங்கிக்கொண்டு கிட்ட வருவான். நாற்றம் தாங்காமல் நான் கல்லை எடுத்து ஓங்கியிருக்கிறேன். இதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

பிறகு என் மகள் காமாட்சியின் விரலிடுக்கில் சிரங்கு கண்டது. பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகளும் சொறியத் தொடங்கினார்கள். நம்மை வேலை வாங்கும் கங்காணி லயத்துக்கு வந்தார்.

"இந்த நாயாலதான் எல்லாம். தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லித் துப்பாக்கி கொண்டாரச் சொல்றேன். ஞாயித்துக்கெழம கட்டி வை."

"சரிங்க," என்றேன்.

அந்தச் சொல் உனக்குத் தெரியும், அக்கா. மன்னாரில் இறங்கி நாம் மலைக்கு நடந்து வந்த வருடம், தம்புள்ளையைத் தாண்டியதும் காய்ச்சலில் நீ மரத்தடியில் சரிந்துவிட்டாய். "நின்னா எல்லாரும் சாவோம், நட," என்றார் இதே கங்காணி. அன்றும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நான் நடந்தேன். இரண்டாம் நாள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்பி ஓடி வந்தேன். நீ உயிரோடு இருந்தாய். எங்கிருந்தோ வந்த ஒரு செம்பட்டை நாய் உன் காலடியில் நின்று, புதருக்குள் இருந்த நரிகளைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. கிடைத்த ஊரை வைத்துத் தம்புளான் என்று நீதான் பெயரிட்டாய். நான் விட்டுவிட்டுப் போனதைப் பற்றி மட்டும் நீ ஒரு நாளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

சனிக்கிழமை கயிற்றோடு போனேன். அவன் எழுந்து, வாலை ஆட்டி, தானாகவே கழுத்தை நீட்டினான். எனக்குக் கை வரவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுக் கங்காணி வீட்டுக்கு நடந்தேன்.

"ஒரு மாசம் தவண குடுங்க. ஆறலேன்னா நானே கொண்டாரேன்."

"ஒம் புள்ளைக்குச் சிரங்கு. நீ நாய்க்குப் பேச வந்திருக்க."

"அது எங்க அக்கா நாயிங்க."

அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கும் அந்த மரத்தடி ஞாபகம் வந்ததோ என்னவோ. "ஒரு மாசந்தான்," என்றார்.

தவணை வாங்கியவன் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வண்டிக்காரர் சொன்னாரென்று, வண்டி அச்சுக்குப் போடும் கறுப்புக் கீலை அள்ளி அவன் உடம்பெல்லாம் பூசினேன். அவன் அதை நக்கி வாந்தி எடுத்தான். தோல் கொப்பளித்தது. என் பெண்சாதி பொன்னாயி எட்ட நின்று முணுமுணுக்கிறவள் இல்லை, உனக்குத்தான் தெரியுமே. நேரே வந்து கேட்டாள்.

"ஒங்க மகளுக்கு இதைப் பூசுவீங்களா?"

"மாட்டேன்."

"அவளுக்குக் கந்தகந்தானே போடுறோம்? அவனுக்கும் தோலுதான். கண்டிக்குப் போய் இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

தேங்காயெண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துக் கீலை இளக்கி எடுக்கவே ஒரு பகல் போயிற்று. கொப்பளம் அடங்கும்வரை எண்ணெய் மட்டும். அப்புறம்தான் வைத்தியம். வெதுவெதுப்பான நீரில் சீயக்காய் போட்டுப் பொருக்கை ஊறவைத்துக் கழுவுவோம். பிய்க்கக் கூடாது, தானாக வர வேண்டும் என்பாள் பொன்னாயி. களத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மாவாக அரைத்த கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவோம், கண்ணுக்குப் படாமல். நக்காதபடி பழைய சாக்கில் ஓட்டை போட்டு அவனுக்கொரு சட்டை. நாலு நாளைக்கு ஒரு தடவை இதே வேலை. அவன் படுத்த கோணிகளை எரித்தோம். புதுக் கோணியை வாரா வாரம் கொதிநீரில் போட்டோம். நம்முடைய துணிகளையும்தான். காம்பிரா முழுக்க வெடிமருந்து நாற்றம்.

முதலில் அவன் சொறிவது குறைந்தது. பிறகு ஒரு நாள், கஞ்சிச் சட்டியை நக்கித் தரையில் உருட்டும் சத்தம் கேட்டது. பொன்னாயி அடுப்பை விட்டு ஓடி வந்து பார்த்தாள். அவள் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள். காமாட்சியின் விரலும் அந்த வாரம்தான் ஆறியது.

மாசம் முடிந்ததும் கங்காணி வந்தார். குந்தி உட்கார்ந்து, அவன் முதுகைக் கையால் விலக்கிப் பார்த்தார்.

"கந்தகமா?"

"ஆமாங்க."

வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார். கெண்டைக்காலில் வட்டமாக ஒரு படை. "ரெண்டு வருசமா அரிக்குது. அந்த எண்ணெயில கொஞ்சம் குடு," என்றார். பொன்னாயி உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

அக்கா, அன்றைக்கு உன்னை விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். நீ எப்போதோ மன்னித்துவிட்டாய் என்று பொன்னாயி சொல்கிறாள். இருந்தாலும் நான் கேட்டாக வேண்டும் இல்லையா?

தம்புளானுக்கு வயதாகிறது. மழைக்காலம் வந்தால் மறுபடி அரிக்கலாம். அரித்தால் மறுபடி கழுவுவேன், காயவைப்பேன், பூசுவேன். அவன் காலம் முடிகிற அன்று என் அடுப்படிச் சூட்டில், என் கை அவன் மேல் இருக்கும். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன், உன் தம்பி