கலங்கரை விளக்கத்துக் குமாஸ்தா

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை ஒரு கையால் எழுதும் கடிதம் இது. இன்னொரு கையில் இரண்டு ஊசி குத்தி, டயாலிசிஸ் மிஷினோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே இவர் சுகம். நானும், ரத்தம் கழுவிய மறுநாள் காலையில், சுகம்தான். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் இந்த நாற்காலி. ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் ஆளைக் கூப்பிட வேண்டும். மற்ற நாட்களில் ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்து கண்ட ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறேன். நான் மட்டும் இரண்டு நாளுக்கு மேல் எந்த ஊரிலும் தங்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர். மாத்திரை விழுங்குவதும் அதில்தான். நேற்று கவுண்டருக்கு வெளியே ஒருத்தர் பாட்டிலைச் சாய்த்து மடக்மடக்கென்று குடித்தார். அவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் பயந்துபோய்விட்டார்.

நீ அனுப்பிய பார்சல் போன மாதமே வந்து சேர்ந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து அப்பா கிழித்துத் தைத்து வைத்த அந்தத் தொடர்கதையை நீ இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தப்பான உத்தரவால் நடுக்கடல் தீவிலுள்ள கலங்கரை விளக்கத்துக்கு மாற்றலாகிப்போன குமாஸ்தா. வாரா வாரம் தப்பிக்க ஒரு திட்டம், வாரா வாரம் சொதப்பல். ஆனாலும் படகு வந்தாலும் வரும் என்று மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்பான். நீ மூக்கால் பேசி அவன் குரலில் படிப்பாய், நான் சிரித்துச் சிரித்து விக்குவேன். இப்போது அவன் புண்ணியத்தில் நானும் புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டுதான் இங்கே வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று இவர் கேட்கிறார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். ஆறு வருஷமாக வருகிறார். ஒரு நாள் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் சொல்லக் கூடாதா என்றார். அன்றிலிருந்து வாய்விட்டுப் படிக்கிறேன். உன் மூக்குக் குரல் எனக்கு வரவில்லை. ஆனாலும் எதிர்வரிசைக்காரர்கள் டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஊசியை எடுக்கும்போது டிரைவர் என்னிடம் மெதுவாக, "இனிமே வர்றதா இல்லம்மா. போதும்" என்றார். அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். திங்கட்கிழமை குமாஸ்தா தபால் மூட்டைக்குள் ஒளிந்து படகேறப் போகிறான் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று அவர் வரவில்லை. நர்ஸ் அவருடைய மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள். என்னால் படிக்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை

வந்துவிட்டார். முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க, மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். உடம்பில் நீர் கோர்த்து எடை ஐந்து கிலோ கூடியிருந்தது. நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசி போட்டாள். ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தவர், பிறகு திரும்பி, "மூட்டைக்குள்ள ஒளிஞ்சவன் என்னம்மா ஆனான்?" என்றார்.

படித்தேன். மூட்டைக்கு மேல் முகவரி எழுத மறந்துவிட்டானாம். அக்கரை வரைக்கும் போய், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி கலங்கரை விளக்கத்தின் வாசலில் வந்து விழுகிறான். டிரைவர் சிரித்த சிரிப்பில் கை அசைந்து மிஷின் அலற ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்தாள்.

அலறல் ஓய்ந்தபின் அவராகவே சொன்னார். அவருடைய தம்பியின் சிறுநீரகம் பொருந்தியதாம். தம்பி தருகிறேன் என்றானாம், பிறகு தரவில்லையாம். "அவன் தரலைன்னு எனக்கு வருத்தமில்லம்மா. அதுக்கப்புறம் வீட்டுப் பக்கமே வரலை. அதான் தாங்கல" என்றார்.

அக்கா, பார்சல் வந்த அன்று தாள் தாளாகப் புரட்டினேன், நடுவில் எங்காவது ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பாய் என்று. அதற்கப்புறம் மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் அத்தான்தான் எடுத்தார், நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றார். நீ எப்போதிலிருந்து இவ்வளவு சுத்தக்காரி ஆனாய்?

எல்லாம் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்று என் கையைப் பிடித்து "நான் இருக்கேன்டி" என்றாய். அந்த ஒரு சொல்லை வைத்து உன்னை நான் பிடித்துவைக்க மாட்டேன். பயமாக இருந்தால் பயம்தான். அத்தான் வேண்டாம் என்றால் வேண்டாம். இங்கே காத்திருப்போர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. வாழ ஆசையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப ஆசை.

ஆனால் ஒரு வரி எழுது. முடியாது என்றாலும் அதை உன் கையெழுத்தில் எழுது. ஒரு நாள் அழுவேன், மறுநாள் உனக்குப் பதில் போடுவேன். தண்ணீர் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். அக்கா இல்லாமல் இருக்கப் பழகச் சொல்லாதே.

அத்தானிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். பிள்ளைகளுக்குச் சித்தியின் முத்தங்கள். இளையவள் மூத்தவளை வாழ்த்தலாமா தெரியவில்லை, இருந்தாலும் வாழ்த்துகிறேன்: உடம்பில் ஒரு கீறல் படாமல் நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
வாலு