அட்டை போட்ட புத்தகம்

ஜூன் 3, செவ்வாய்

பெருந்துறை கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்குள் தலையில் இடி. மேனேஜர் பிரத்யுஷா கூப்பிட்டார். "ஏனுங்க கிருபா, தொழிலாளிகளுக்கு ஒரு வெப்சைட் வேணுமுங்க. தமிழ், இந்தி, ஒடியா மூணுலயும். ஹாஸ்டல், கேன்டீன், ஆம்புலன்ஸ் நம்பர் எல்லாம் அவங்க போன்லயே தெரியோணும். அடுத்த வாரம் முதலாளி பாப்பாருங்க." இதை முடித்தால்தான் வேலை நிரந்தரம்.

கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். வெப்சைட் எழுதும் எச்டிஎம்எல் மொழி என்றால் பெயர் மட்டும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 4, புதன்

காந்திபுரம் புத்தகக் கடை. இரண்டு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்று செங்கல் கனத்தில் ஆங்கிலம். பல மொழித் தளங்களுக்கென்றே தனிப் பகுதி. இன்னொன்று தமிழ், ஒல்லி, அட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. ஒல்லிதான் புரிந்தது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் இன்ஜினியர் பெண்களுக்கு நடுவே அதையா விரிப்பது? செங்கல்லை வாங்கினேன்.

ஜூன் 6, வெள்ளி

வரிக்கு வரி அகராதி. ராத்திரி ஒரு மணி, இன்னும் முதல் அத்தியாயம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒடியாதான் பயம். ஓர் எழுத்தும் தெரியாது. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசாத் தொழிலாளிகளே போனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்; எடுத்து ஒட்டினேன். இந்தியும் அப்படித்தான். எழுத்துருக்களைப் பற்றிச் செங்கல்லில் ஒரு முழு அத்தியாயம் — தமிழ் டைப்பில் எனக்குத் தெரியாததா? தாண்டிவிட்டேன். அச்சகத்தில் பழகிய எழுத்துருவில் கை தானாக ஓடியது. அந்த நேரம் மட்டும் பயமே இல்லை.

"சோறு ஆறிப்போவுது கண்ணு, அப்பறமா ஒட்டிக்க" என்றார் அம்மா.

ஜூன் 11, புதன்

என் கம்ப்யூட்டரில் மூன்றும் அழகாக இருந்தன. முதலாளி தன் போனில் திறந்தார். இந்தி வந்தது. ஒடியா வந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஒரே குப்பை.

"நம்ம பாஷை மட்டும் வரலையாட்ட இருக்குதுங்க?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிரத்யுஷா சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். வெள்ளி வரை அவகாசம்.

போச்சு. எல்லாம் போச்சு. பஸ்ஸுலயே அழுதுபோட்டேன்.

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே கடைக்கு ஓடி ஒல்லியை வாங்கினேன். ஆரம்பத்திலேயே இருந்தது: அச்சகத்து எழுத்துரு, அதை ஏற்றிய கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். வெப்சைட்டுக்கு, எல்லா போனும் படிக்கிற யூனிகோடில் அடிக்க வேண்டும். போனில் அடித்தால் தானாகவே அப்படித்தான் விழுமாம். அதனால்தான் ஒடியா பிழைத்தது!

பேப்பரில் அட்டை போட்டுத்தான் பஸ் ஏறினேன். தமிழை முதலிலிருந்து அடிக்கிறேன். புது விசைப்பலகை முறை, எழுத்தெல்லாம் இடம் மாறி. என் தாய்மொழியிலேயே விரல் தடுமாறுகிறது.

ஜூன் 13, வெள்ளி

பிரத்யுஷா போனில் தமிழ் வந்தது. வாட்ச்மேன் போனிலும். முதலாளி வெளியூர். இனி என்ன சொல்வாரோ.

ஜூன் 18, புதன்

வேலை நிரந்தரம் என்ற ஆர்டர் கைக்கு வந்தது. மடித்து மடித்துப் பிரித்துப் பார்த்தேன்.

கிளம்பும்போது பிரத்யுஷா கேட்டார். "எந்த புக்ல படிச்சீங்க? இந்தத் தமிழ் விசயம் எனக்கே தெரியாதுங்க."

பையில் இரண்டும் இருந்தன. கை முதலில் செங்கல்லுக்குத்தான் போனது. பிறகு ஒல்லியை எடுத்து, பேப்பர் அட்டையைக் கிழித்துவிட்டு நீட்டினேன். வாங்கிப் புரட்டினார். "நாளைக்குத் தாரேனுங்க."

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, சிரிக்கும் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் தெரிய, காந்திபுரம் வரும்வரை படித்துக்கொண்டே வந்தார்.