அடி மண் தெரிகிற குழி

என் ராணியின் அப்பாவுக்கு,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போதும் வாய் வரவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜப்பான்காரன் இன்னும் போகவில்லை. கோலா கெத்தில் டவுன் கடைகளில் அரிசி என்ற பேச்சே கிடையாது.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குழியைப் பற்றித்தான் எழுத வந்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் நீங்கள், தண்ணீர் தேங்கினாலே உங்களுக்கு ஆகாதே. முன்பெல்லாம் வாரம் தவறாமல் கொசுவுக்கு எண்ணெய் தெளிப்பார்கள். ஜப்பான்காரன் வந்ததும் எண்ணெயும் நின்றது, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையும் நின்றது. குழியை மூடிவிடலாம் என்றீர்கள். நான்தான் விடவில்லை. அதில் கங்கோங் கீரை கிடைத்தது, வாரத்துக்கு நாலு கெளுத்தி கிடைத்தது. வெறும் மரவள்ளி தின்று சின்னவனுக்குக் கால் வீங்கியிருந்தது. மீன் கொடு, கீரை கொடு என்று சொன்னதும் நீங்கள்தானே?

சோற்றுத் தட்டுக்கு முன்னால் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்துச் சொல்வீர்கள். 'ஸ்டில்' என்றால் ஓடாமல் நிற்கிற தண்ணீர், 'ஸ்டாக்னண்ட்' என்றால் நின்று நின்று கெட்டுப்போன தண்ணீர். அதையே பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தேன்.

"இது ஸ்டில்தானேங்க? அடி மண்ணு தெரியுது, நாத்தம்கூட இல்ல."

"காய்ச்சல் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணிதான் வேணும், பார்வதி."

அப்புறம் சின்னவன் காலைப் பார்த்தீர்கள். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? என்னைத் திட்டியாவது மூடியிருக்கக் கூடாதா?

அடுத்த மாதமே குளிர்காய்ச்சல் உங்களைப் பிடித்தது. ஊருக்கே மருந்து கொடுத்த மனுஷனுக்கு ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

காரியம் முடிந்த மறுநாள் குழியில் பாதிவரை மண் போட்டேன். கீரையும் மீனும் நின்றுபோய், இரண்டே வாரத்தில் சின்னவன் காலில் விரல் வைத்து அழுத்தினால் மறுபடி பள்ளம் விழுந்தது. போட்ட மண்ணை நானே அள்ளினேன். பாவி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அவன் கால் வீக்கம் வடிந்து ஓடுகிறான். நேற்று மத்தியானம் ராணிக்கு நடுக்கம் கண்டது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. எந்தப் பிள்ளைக்காக மூடுவது, எந்தப் பிள்ளைக்காகத் திறந்து வைப்பது? நீங்கள் இருந்தாலும் உங்களுக்கும் தெரியாது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளில் ஒன்றையும் உங்களிடம் அனுப்பமாட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா,
பார்வதி