நாலு ஸ்பேஸுக்கு மாறிய நாள்

அல்வால்காரிக்கு,

இன்று காலை நம் புராஜெக்டின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். வரிகளின் முன்னால் டேப்தான் விட வேண்டும் என்று சொல்லும் இடத்துக்கு மேலே, நீ ஆங்கில எழுத்தில் தட்டிவைத்த குறிப்பு அப்படியே இருக்கிறது. "நக்கோ. கை வைக்காதே." வேண்டாம் என்கிற அந்த முதல் சொல்லுக்கு இந்த ஊரில் யாருக்கும் பொழிப்புரை தேவையில்லை. இத்தனை வருடங்களில் டீமுக்கு வந்துபோன எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தொடாமல் நகர்ந்திருக்கிறார்கள். இன்று தொட வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது.

புதிதாக ஒரு டீம் லீட் வந்திருக்கிறார், வரங்கல்காரர். கம்பெனியில் மற்ற எல்லா டீமும் நாலு ஸ்பேஸ், நாம் மட்டும் டேப் என்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்றார். எனக்கு மறுத்துப் பேசவும் தெம்பில்லை.

இது என்ன சண்டை என்று முன்பொரு நாள் என் அம்மா போனில் கேட்டாள். நாங்கள் எழுதும் பைத்தான் என்கிற கணினி மொழியில், வரிக்கு முன்னால் விடும் இடைவெளிதான் எந்த வரி எதற்குள் அடங்கும் என்று சொல்லும். அந்த இடைவெளியை டேப் பொத்தானால் விடலாம், ஸ்பேஸ் நாலு வைத்தும் விடலாம், அதில்தான் சண்டை என்றேன். "இதுக்கா ஒங்களுக்குச் சம்பளம் தாராவ?" என்று கேட்டுவிட்டு, மழை பெய்ததா என்று விசாரித்தாள்.

நான் ஸ்பேஸ் கட்சி. நீ டேப் கட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீனில் சோறு ஆறும்வரை இதற்காக வாய்ச்சண்டை போட்டிருக்கிறோம். "கைக்கூ? எதுக்குடி நாலு ஸ்பேஸ்? உங்க திருநெல்வேலில காலி மனை ஜாஸ்தியா?" என்று நீ சீண்டுவாய். உனக்குக் கோட்டி பிடித்திருக்கிறது என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் வாதம் தெரியாது. ஒரே ஃபைலில் நான் ஸ்பேஸும் நீ டேப்புமாக எழுதிக்கொண்டிருந்தோம்.

அதற்கு ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் பலன் கிடைத்தது. மருந்துக் கம்பெனி ஒன்றின் குளிர் அறைக்கு நாம் எழுதிய புரோகிராம். சூடு ஏறினால் அலாரம் அடிக்க வேண்டும். தலையில் வெள்ளைத் தொப்பியும் காலில் உறையுமாக இருவரும் வெளியே நிற்க, கதவைச் சாத்திவிட்டுக் குளிரூட்டியை நிறுத்தினார்கள். சூடு ஏறியது. அலாரம் அடிக்கவில்லை. "மேடம், கண்ட மோகலேது," மணி அடிக்கவில்லை என்று சூப்பர்வைசர் தெலுங்கில் சொல்லி நம்மைப் பார்த்தார், நமக்கு அது கேட்காமல் போய்விட்டதோ என்பது போல. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நீ கதவைத் திறந்தாய். உடனே அலறியது பார், அந்த வளாகம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஹவ், ஆமா, ஆள் வந்து எழுப்பினாத்தான் எழுந்துக்குதுடி," என்றாய். எனக்கு அழுகை வந்தது, உனக்குச் சிரிப்பு.

என் எடிட்டரில் டேப்புக்கு நாலு இடம் என்று வைத்திருந்தேன். அப்போது இருந்த பழைய பைத்தானோ ஒரு டேப்பை எட்டு ஸ்பேஸாக எண்ணும். அதனால் நீ டேப் வைத்து எழுதிய அலாரம் வரி என் கண்ணுக்குச் சரியான இடத்தில் நின்றது. பைத்தானுக்கு அது, கதவு திறந்திருந்தால் மட்டும் என்று நான் எழுதியிருந்த பகுதிக்குள் போய்விட்டது. சோதனையிலேயே பிடிபட்டதால் பிழைத்தோம். இனி எல்லாரும் ஒன்றாக எழுத வேண்டும், எது என்று திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்றார் அப்போதைய மேனேஜர். ஸ்பேஸ்தான் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னை அல்வாலுக்கு வரச் சொன்னாய். சாப்பாடு போட்டுவிட்டு, உன் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாய். திரையில் எழுத்துகள் கட்டைவிரல் அளவு இருந்தன. இரண்டு மூன்று சொல்லோடு திரை முடிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்குச் சர்க்கரை என்பது எனக்குத் தெரியும். அது கண்ணுக்கு ஏறியிருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆபீஸில் மூலை இருக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான்.

"டேப்னா நான் என் எடிட்டர்ல ஒரு இடம்னு வெச்சுக்குவேன், நீ உன்னுதுல நாலுன்னு வெச்சுக்கோ. ஃபைல் ஒண்ணேதான். ஸ்பேஸ்னா எல்லாருக்கும் நாலுதான். எனக்குப் பாதி ஸ்க்ரீன் வெத்து இடத்துக்கே போயிடுதுடி."

"ஏட்டி, ஆபீஸ்ல சொல்லிருவோம். ஒதவி செய்வாவ."

"நக்கோ. சொன்னா அன்னிலேர்ந்து நான் எழுதுற புரோகிராமை எவனும் திட்ட மாட்டான். பரவால்ல மேடம், நாங்க பாத்துக்கிறோம்னு ஆரம்பிப்பாங்க. ஈஸி வேலையா தருவாங்க. எனக்கு அது வேணாம். நான் இருந்தாலும் இல்லேன்னாலும் நீ வாயைத் தொறக்கக் கூடாது."

நான் சரி என்றேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்று டேப்புக்காக வாதாடினேன். ஃபைல் சிறியதாக இருக்கும், விரலுக்கு வேலை குறையும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நானே டேப் கேட்கிறேன் என்றதும் மேனேஜர் மலைத்துப்போய் ஒத்துக்கொண்டார். நீ எதிரில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அன்றிலிருந்து ஆபீஸில் நாம் இரண்டு டேப் பைத்தியங்கள். வந்த ஒவ்வொரு மேனேஜரோடும் நான் மல்லுக்கட்டினேன். எனக்குப் பிடிக்காத ஒன்றுக்காக இவ்வளவு வருடம் கத்தியிருக்கிறேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கொரோனா வந்து எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தது உனக்கு வசதியாகப் போயிற்று. பிறகும் நீ ஆபீஸ் பக்கம் வரவில்லை. கடைசியில் திரையில் இருப்பதைக் கணினி ஒரு பெண்குரலில் உனக்கு வாசித்துக்காட்டத் தொடங்கியிருந்தது. மீட்டிங்கில் பின்னால் அந்தப் பெண்குரல் கேட்டு யாராவது விசாரித்தால், "எங்க வீட்டு டிவி," என்பாய்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு ஊசி போடும் நாளையெல்லாம் ரிலீஸ் இருக்கிறது என்று தள்ளித் தள்ளிப் போட்டாய். லீவு கேட்டால் ஏன் என்று கேட்பார்களாம். அப்புறம் சிறுநீரகம் போயிற்று, போன மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய். சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று மெட்ரோவில் போகும்போது உன்னோடு மனசுக்குள் சண்டை போடுகிறேன். பதில் சொல்ல ஆள் இல்லாத சண்டை அலுப்பாக இருக்கிறது.

இன்று மீட்டிங்கில் லீட் என்னைத்தான் பார்த்தார். என் பேர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும் போல. "அக்கா, டேபே உண்டாலன்டே ரீசன் ஏமைனா உந்தா? உண்டே மானேத்தாம்," என்றார். காரணம் இருந்தால் சொல்லுங்கள், விட்டுவிடலாம் என்கிறார். நல்ல மனிதர், உண்மையாகவே விட்டிருப்பார். சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் டேப் பிழைத்துவிடும். உன்னைப் பிடிவாதக்காரி என்று பேசுகிறவர்கள் வாயும் அடைபடும். ஆனால் அதற்குப் பிறகு உன் வரிகளை யாரும் வரிகளாகப் படிக்கப் போவதில்லை.

"ஒண்ணும் இல்லை. பழக்கம்தான்," என்றேன்.

மதியம் மாற்றிவிட்டேன். உன் குறிப்பையும் நானே அழித்தேன். எல்லாச் சோதனையும் சரியாக ஓடியது. எனக்குப் பிடித்த நாலு ஸ்பேஸ் ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

பழைய ஃபைல்கள் எல்லாம் திறந்து கிடந்ததால், சாயங்காலம் டீமில் உள்ள கேரளப் பெண் ஒருத்தி உன் புரோகிராமில் இருந்த ஃபங்ஷன் ஒன்றைப் படித்துவிட்டுக் கொதித்தாள். "இவ்ளோ சுத்தி வளைச்சு யார் எழுதினது? பாதிக்கு மேல தூக்கணும்." லீட் பழைய பதிவைத் தோண்டி உன் பெயரைப் படித்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தப்பு தப்புதான், தூக்கிவிடுங்கள் என்றார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. உனக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் விடவில்லை, வரிவரியாகப் பிரித்துக் காட்டினாள். நான் தோற்றுவிட்டேன்.

அவள் சொன்னது சரி, ஏட்டி. அந்த ஃபங்ஷன் மோசம்தான். நாளைக்குத் தூக்குகிறார்கள். டேப்புக்கான காரணம் இன்னும் என்னிடமே இருக்கிறது, சுமக்க முடியாமல்தான் சுமக்கிறேன். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தார்கள். நீ கேட்டபடியே, ஒருவர்கூட உனக்காகக் குரலைத் தாழ்த்தவில்லை.